மிசிசிப்பிக் கரையின் பழைய கட்டடங்கள்: பார்க்கவும் படமெடுக்கவும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செயின்ட் லூயிஸுக்கு வேலைக்கோ படிக்கவோ வந்தவர்கள், கேமரா ஒன்றை வாங்கியதும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கட்டடக் கலைஞன் இல்லை. சனிக்கிழமைகளில் சுற்றுகிற ஆள்.

எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

வடக்கே ஆல்ட்டனிலிருந்து தெற்கே கேரோ வரை, மிசிசிப்பியின் இரு கரைகளையும். ஆல்ட்டனுக்குச் சற்றுக் கீழே மிசௌரி ஆறு வந்து சேர்கிறது, கேரோவில் ஒஹாயோ ஆறு. இந்த இரண்டு கூடல்களுக்கு நடுவில் கிடக்கும் ஊர்கள்தான் நம் கணக்கு. செயின்ட் லூயிஸிலிருந்து கேரோவுக்குக் காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேற்குக் கரை மிசௌரி மாநிலம், கிழக்குக் கரை இல்லினாய். ஓரிடத்தில் மட்டும் இது தலைகீழாகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு வரலாறு எதுவும் தெரியாது. எதைப் பார்த்து ஆரம்பிப்பது?

ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் கேளுங்கள். இந்த ஊர்களில் எந்தத் தெருவில் கிடங்கு, எந்த மேட்டில் பணக்காரர் வீடு, எந்தப் பள்ளத்தில் ஒன்றுமே இல்லை என்பதையெல்லாம் ஆறு முடிவுசெய்திருக்கிறது. அது புரிந்தால் பாதிப் படம் எடுத்த மாதிரி.

செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையில் பழைய கட்டடமே காணோமே? வெறும் புல்வெளியும் ‘கேட்வே ஆர்ச்’ என்ற அந்தப் பெரிய வளைவும்தானே இருக்கிறது?

ஆமாம், இடித்துவிட்டார்கள். 1849 மே மாதம் ஒரு நீராவிப் படகில் பிடித்த தீ, 23 படகுகளையும் கரையில் நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் தின்றது. அதற்குப் பிறகு மரத்தை ஒதுக்கிச் செங்கல்லிலும் வார்ப்பிரும்பிலும் கட்டிய வணிகக் கட்டடங்கள் கரை நெடுக நின்றன. 1939இல் தொடங்கி, நினைவுச்சின்னம் கட்டப் போகிறோம் என்று சுமார் 40 தெருக்கட்டங்களை அரசு தரைமட்டமாக்கியது. வளைவின் கடைசித் துண்டு பொருத்தப்பட்டது 1965இல். நடுவில் பல வருடம் அந்த இடம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது.

630 அடி வளைவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கு நோக்கிப் போனவர்களின் நினைவுக்காக, அவர்கள் இறங்கி நடந்த தெருக்களையே அழித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தப்பியவை சில உண்டு. வளைவின் காலடியிலேயே 1834இல் முடிந்த பழைய பேராலயம் நிற்கிறது. வடக்கே லக்லீட்ஸ் லேண்டிங் என்ற சின்னப் பகுதியில், கல் பாவிய தெருக்களோடு பழைய கிடங்குகள் மிச்சம் இருக்கின்றன. மேற்கே பழைய நீதிமன்றம். அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹேரியட்டும் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கு 1847இலும் 1850இலும் இங்கேதான் விசாரிக்கப்பட்டது.

ஈட்ஸ் பாலத்தை எங்கிருந்து எடுப்பது?

காலையில் மிசௌரிக் கரையில் கீழே இறங்கி, பாலத்தின் கல்வளைவுகளுக்கு அடியில் நின்று எடுங்கள். மாலையில் எதிர்க்கரை. இல்லினாய்ப் பக்கம் மால்கம் மார்ட்டின் நினைவுப் பூங்காவில் ஒரு பார்வை மேடை இருக்கிறது. அங்கிருந்து ஊரும் வளைவும் ஆறும் ஒரே சட்டத்துக்குள் வரும், சூரியன் அவற்றின் பின்னால் இறங்கும்.

பாலம் திறந்தது 1874. ஜேம்ஸ் ஈட்ஸ் அதற்கு முன் ஒரு பாலம்கூடக் கட்டியதில்லை. மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கு மீட்பது அவர் தொழில், அதனால் ஆற்றின் அடித்தரை அவருக்கு அத்துபடி. மணல் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று தெரிந்ததால்தான், தூண்களைப் பாறையில்தான் ஊன்றுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். அழுத்தக் காற்று நிரம்பிய அறைக்குள் இறங்கி வேலைசெய்த தொழிலாளர்கள் மேலே வந்ததும் மூட்டு முறுகிச் சுருண்டார்கள், பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெதுவாக மேலே வர வேண்டும் என்பது அப்போது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. இவ்வளவு பெரிய அளவில் எஃகைப் பயன்படுத்திய முதல் பாலம் இது. இன்றும் மேலே கார், கீழே ரயில்.

இந்த ஊரில் ஏன் இவ்வளவு செங்கல்?

காலுக்கடியிலேயே நல்ல களிமண் இருந்தது, தீவிபத்துக்குப் பின் மரத்தின்மேல் பயமும் இருந்தது. சூலார்டு, லஃபாயெட் சதுக்கம் பக்கம் நடந்தால் ஒரு கூலிக்காரர் வீட்டுக் கூரை விளிம்பில்கூடச் செங்கல்லிலேயே பல்வரிசை போல வேலைப்பாடு தெரியும்.

கிட்டே போய்ச் செங்கற்களுக்கு நடுவே பூசியிருக்கும் காரையைப் பாருங்கள். அந்தக் காலச் செங்கல் மென்மையானது, அதற்கேற்றபடி சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். பிற்காலத்தில் சிமென்ட் வைத்துப் பூசிய சுவரில் செங்கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். ஈரம் காரை வழியே வெளியேற முடியாமல் கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து உடைத்த வேலை அது. பக்கவாட்டு வெயிலில் இதை எடுத்தால் அருமையான படம். வீட்டுக்காரருக்கு மட்டும் காட்ட வேண்டாம்.

வட செயின்ட் லூயிஸில் செங்கல் திருட்டே ஒரு தொழிலாக நடந்தது. காலி வீட்டுக்குத் தீ வைப்பார்கள், தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சும், அந்த வேகத்தில் காரை கரைந்து சுவர் தளரும். பிறகு கல்லைப் பிரித்து அடுக்கி வெளிமாநிலத்துக்கு விற்பார்கள். 1950இல் எட்டரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த நகரில் 2020இல் மூன்று லட்சம் பேர்தான். காலி வீடுகளுக்கு என்ன பஞ்சம்?

ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

வெயின்ரைட் கட்டடம். லூயிஸ் சல்லிவனும் டாங்க்மர் ஆட்லரும் வடிவமைத்து 1891இல் முடிந்த பத்து மாடி. இன்று பார்த்தால் பத்து மாடி என்ன பெரிய உயரம் என்று தோன்றும். எஃகுச் சட்டகத்தில் எழுந்த உயரமான கட்டடம் எப்படித் தெரிய வேண்டும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், செங்கல் தூண்களை நேராக மேலே ஓடவிட்டு, உயரத்தை மறைக்காமல் காட்டினார் சல்லிவன். மாடிகளுக்கு இடையிலும் உச்சியிலும் இருக்கும் சிவப்புச் சுடுமண் இலைக்கொடிகளை எடுக்க நீளக் குவிய லென்ஸ் வேண்டும். இதையும் 1970களில் இடிக்கத்தான் இருந்தார்கள். மாநில அரசு வாங்கியதால் பிழைத்தது.

இணையத்தில் பார்த்தேனே, பெரிய துருப்பிடித்த இயந்திரச் சக்கரங்களும் இரட்டைப் புகைபோக்கியும் உள்ள இறைச்சி ஆலை, அது எங்கே?

கிழக்கு செயின்ட் லூயிஸ் எல்லையில் இருந்த ஆர்மர் ஆலை. 1903இல் திறந்தது, 1959இல் மூடியது, 2016இல் இடித்துவிட்டார்கள். வாரம் ஒருவர் கேட்கிறார். இல்லை, இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகள் என்கிறார்களே, அவை எங்கே?

செயின்ட் ஜெனிவீவ். செயின்ட் லூயிஸுக்குத் தெற்கே ஒரு மணி நேரம். இந்தப் பகுதியில் ஓர் ஊரைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆங்கிலேயக் குடியேறிகள் மரத்தைப் படுக்கவைத்து அடுக்கி வீடு கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நட்டுவைத்தார்கள். கனத்த மரங்களை வேலிக்கால் போல நெருக்கமாக நிறுத்தி, இடைவெளியில் வைக்கோல் கலந்த களிமண்ணையோ கல்லும் சுண்ணாம்பையுமோ அடைத்து, மேலே வெள்ளை பூசினார்கள். கால்களை நேராக மண்ணிலேயே புதைப்பது ஒரு முறை, அடிமட்டத்தில் ஓர் உத்தரம் போட்டு அதன்மேல் நிறுத்துவது இன்னொரு முறை. மண்ணில் புதைத்த மரம் உளுத்துப்போகும் அல்லவா? அதனால் முதல் வகை வீடுகள் அமெரிக்கா முழுவதிலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அவற்றில் மூன்று இந்த ஒரே ஊரில். 1792ஐச் சேர்ந்த அமுரூ வீடு அதில் ஒன்று. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பெலாஜி அமுரூ பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கணவரோடு வாழ்ந்தார். போல்டக் வீடு இரண்டாம் வகை, அதன் அகலமான தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாலே எழுந்து வர மனம் வராது.

இங்கேயும் ஆற்றின் கைவரிசை உண்டு. முதல் ஊர் தெற்கே ஆற்றுப்படுகையில் இருந்தது. 1785ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அது மூழ்கியதும் மக்கள் மேட்டுக்கு நகர்ந்து வந்தார்கள். அதனால்தான் நிற்கிற வீடுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. 1993 வெள்ளத்தில் மணல்மூட்டை அடுக்கித்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். இப்போது சில வீடுகள் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பொறுப்பில் இருக்கின்றன.

எதிர்க்கரைக்கு மோடோக் பக்கம் ஒரு சின்னப் படகுத்துறை உண்டு, காரோடு ஏறிக்கொள்ளலாம். தண்ணீர் ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் ஓடாது. நம்பிப் போய், மூடிய கேட்டைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

இல்லினாய்க் கரையில், கஹோக்கியாவில் உள்ள பழைய நீதிமன்றம் அசலா, நகலா?

நல்ல கேள்வி. 1740 வாக்கில் வீடாகக் கட்டப்பட்டது. 1904 உலகக் கண்காட்சிக்காகக் கழற்றிச் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து சிகாகோவின் ஒரு பூங்காவுக்கு. கடைசியில் 1939இல் பழைய அடித்தளத்தின்மேல் திரும்பக் கட்டினார்கள். மரத்தில் ஒரு பங்குதான் பழையது. ஊர்சுற்றியதில் இந்தக் கட்டடம் என்னை மிஞ்சிவிட்டது. பக்கத்தில் 1799இல் முடிந்த திருக்குடும்பத் தேவாலயம் இடம் மாறாதது, அதையும் பாருங்கள்.

கஸ்காஸ்கியா தீவு போக வழி காட்டுங்கள். வரைபடம் குழப்புகிறது.

வரைபடம் சரிதான், ஆறுதான் குழப்பியது. இல்லினாயின் முதல் தலைநகரம் கஸ்காஸ்கியா. அன்று அது ஆற்றுக்குக் கிழக்கே இருந்தது. நீராவிப் படகுகளுக்கு விறகு வேண்டும் என்று கரை மரங்களை வெட்டித் தள்ளினார்கள், வேர்ப்பிடிப்பு போன கரை இடிந்துகொண்டே வந்தது. 1881இல் மிசிசிப்பி பழைய தடத்தை விட்டு, ஊருக்குக் கிழக்கே ஓடிய கஸ்காஸ்கியா ஆற்றின் தடத்தில் பாய்ந்தது. ஊரின் பெரும்பகுதி ஆற்றோடு போயிற்று. மிஞ்சிய நிலம் மேற்குப் பக்கம் மாட்டிக்கொண்டது. அதனால் இல்லினாய் மண்ணுக்கு மிசௌரியின் செயின்ட் மேரி ஊர் வழியாக, பழைய தடத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். 2020 கணக்கில் அங்கே 21 பேர்.

பார்க்க ஒரு செங்கல் தேவாலயமும் ஒரு மணிக்கூடமும். மணி 1741இல் பிரான்சில் வார்த்தது, பதினைந்தாம் லூயி மன்னரின் கொடை. சுற்றிலும் சோளக்காடு. ஒரு மாநிலத்தின் தலைநகரம் இருந்த ஊர் என்றால் நம்ப முடியாது. அகலமான லென்ஸ் எடுத்துப் போங்கள், வெறுமையைக் காட்ட அதுதான் சரிப்படும்.

சின்ன ஊர்க் கடைத்தெருக்களில் மேல்மாடி முகப்புகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கின்றனவே?

அச்சேதான். பட்டியல் புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் ஆர்டர் செய்து, ரயிலில் வரவழைத்த தகர முகப்புகள் அவை. மெஸ்கர் குடும்பத்தின் இரண்டு நிறுவனங்கள், செயின்ட் லூயிஸில் ஒன்றும் இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் ஒன்றும், இதில் போட்டி போட்டன. கல்லில் செதுக்கியது போலத் தெரியும், தட்டினால் டங் என்று சத்தம் வரும். கடைவாசல் இரும்புத் தூணின் அடியில் குனிந்து பாருங்கள், பல இடங்களில் கம்பெனிப் பெயர் இருக்கும்.

கேரோ பாதுகாப்பான ஊரா? பேய் நகரம் என்கிறார்களே?

முதலில் உச்சரிப்பு. எகிப்துத் தலைநகரை நினைத்துக்கொண்டு ‘கெய்ரோ’ என்றால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். இங்கே அது ‘கேரோ’.

பேய் நகரம் இல்லை. 2020 கணக்கில் 1,733 பேர் வாழ்கிறார்கள். 1920இல் பதினையாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள், அந்த வித்தியாசத்தைத்தான் நாம் படமெடுக்கப் போகிறோம். பகலில் சுற்றியதில் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

வடக்கிலிருந்து நுழையும்போது ரயில்பாதைக்கு அடியில் ஒரு பிரம்மாண்டமான இரும்பு வெள்ளக் கதவைக் கடப்பீர்கள். வெள்ளம் வந்தால் அதை இறக்கி ஊரையே அடைத்துவிடலாம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே, சுற்றிலும் கரை எழுப்பிய ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது கேரோ. 2011 மே மாதம் அந்தக் கிண்ணம் நிரம்பப் பார்த்தபோது, ராணுவப் பொறியாளர்கள் மிசௌரிப் பக்கக் கரையை வெடிவைத்துத் தகர்த்து, தண்ணீரை வயல்களில் விட்டார்கள்.

மேக்னோலியா மேனர், மாவு வணிகர் ஒருவர் 1869இல் கட்டிய மாளிகை. சுங்கமனை 1872, இப்போது அருங்காட்சியகம். அதை வடிவமைத்த ஆல்ஃபிரட் மல்லெட்தான் செயின்ட் லூயிஸின் பழைய அஞ்சலகத்துக்கும் காரணம். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள், ஒரு கையெழுத்து தெரியும். சாஃபோர்டு நூலகம் 1884. இவ்வளவு செல்வம் எப்படி வந்தது என்றால், படகும் ரயிலும் இங்கே நின்றுதான் ஆகவேண்டும். 1889இல் ஒஹாயோவின்மேல் ரயில் பாலம் வந்தது, நிற்கிற தேவை குறைந்தது. 1978இல் நெடுஞ்சாலைப் பாலமும் ஊருக்கு வெளியே போயிற்று.

ஆனால் பாலத்தின் மேல் மட்டும் பழி போட்டால் அது பொய். இந்த ஊரில் நிறவெறி கொடூரமாக இருந்தது. கறுப்பினத்தவரோடு ஒரே தண்ணீரில் இறங்குவதைவிட மேல் என்று 1960களில் பொது நீச்சல்குளத்தையே மூடினார்கள். வேலையில் பாகுபாடு காட்டிய கடைகளைக் கறுப்பின மக்கள் 1969 முதல் புறக்கணித்தார்கள். கறுப்பர் ஒருவரை வேலைக்கு வைப்பதைவிடக் கடையை இழுத்து மூடுவதே மேல் என்று பலர் மூடினார்கள். கமர்ஷியல் அவென்யூவில் நீங்கள் எடுக்கும் அந்த வெறிச்சோடிய வீதியில் இதுவும் இருக்கிறது. படத்தின் கீழே வெறுமனே ‘கைவிடப்பட்ட நகரம்’ என்று எழுதாதீர்கள். யார் கைவிட்டார்கள், எதற்காக என்று ஒரு வரி சேருங்கள்.

காலிக் கட்டடங்களுக்குள் நுழையலாமா?

கூடாது. கதவு திறந்திருந்தாலும், பலகை எதுவும் இல்லாவிட்டாலும் அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். இன்னொன்று: மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறப் பட்டை அடித்திருந்தால், மிசௌரியிலும் இல்லினாயிலும் அது ‘அத்துமீறி நுழையாதே’ என்ற பலகைக்குச் சமம். சட்டமே அப்படி. விசாவில் இருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அடுத்த விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானீர்களா என்று ஒரு கேள்வி வரும்.

உரிமையாளரைக் கண்டுபிடித்துக் கேட்டால் பலர் சரி என்கிறார்கள். மாவட்டச் சொத்துவரிப் பதிவில் பெயர் கிடைக்கும்.

பறவை எச்சத்தால் நோய் வரும் என்பது உண்மையா?

உண்மை, அதுவும் இந்தப் பகுதியில் ரொம்ப உண்மை. ஒஹாயோ, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை இயல்பாகவே உண்டு. பறவை, வௌவால் எச்சம் கிடக்கும் இடத்தில் நன்றாக வளரும். தூசி கிளம்பினால் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் இருமலும் வரும். நுரையீரல் படத்தில் காசநோய் போலவே தெரியக்கூடும், ஆகவே ஊருக்குப் போன இடத்தில் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் எங்கே சுற்றினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அனுமதியோடு உள்ளே போனாலும் என்95 முகக்கவசம் போடாமல் போகாதீர்கள், எதையும் பெருக்காதீர்கள்.

தெருவில் நின்று எடுக்க அனுமதி வேண்டுமா?

வேண்டாம். பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தை யாரும் படமெடுக்கலாம், காப்புரிமைச் சட்டமும் அதற்கு விலக்கு தருகிறது. ஆள் குடியிருக்கும் வீடு என்றால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு எடுங்கள்.

டிரோன்?

பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலும் இலவச இணையத் தேர்வு ஒன்றை முடித்திருக்க வேண்டும். 250 கிராமும் அதற்கு மேலும் என்றால் பதிவு வேண்டும். உயரம் 400 அடிக்குள். தேசியப் பூங்காக்களில் தடை, வளைவும் தேசியப் பூங்காதான்.

எந்தக் காலத்தில் போவது?

நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் மரங்கள் முகப்பை மறைத்துவிடும், வியர்வையில் வ்யூஃபைண்டரும் தெரியாது. இலையுதிர்காலக் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் காற்று குளிராகவும் இருக்கும்போது ஆற்றிலிருந்து மூடுபனி எழும், அதற்காக ஐந்து மணிக்கு எழலாம். மேற்குக் கரை ஊர்களின் ஆற்றுமுகம் கிழக்கு பார்ப்பதால் அவற்றுக்குக் காலை வெயில். வசந்தத்தில் வெள்ளம் வரலாம்.

என்ன லென்ஸ்? போன் போதுமா?

போதும். கட்டடம் பின்னால் சாய்வது போல வந்தால், போனை மேலே தூக்காமல் நேராகப் பிடித்து, பின்னால் நகர்ந்து, கீழே வரும் தெருவை வெட்டிவிடுங்கள். பணம் இருப்பவர்களுக்கு, அந்தச் சாய்வைச் சரிசெய்யும் 24 மிமீ ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. என்னிடம் இல்லை.

ஒரு கட்டடத்தின் பழைய கதையை எங்கே தேடுவது?

சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில். எந்த வீடு எதனால் ஆனது என்று நிறத்திலேயே காட்டும். இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். அதே ஊரின் மூன்று நான்கு வருடத்து வரைபடங்களை அடுக்கிப் பார்த்தால் மஞ்சள் குறைந்து இளஞ்சிவப்பு ஏறுவது தெரியும். இன்னொன்று, வேலையில்லாத கட்டடக் கலைஞர்களுக்காக 1933இல் அரசு தொடங்கிய வரலாற்றுக் கட்டட ஆவணப்பதிவு. அளந்து வரைந்த படங்களும் புகைப்படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் இலவசம். அந்தக் காலப் புகைப்படக்காரர் நின்ற அதே இடத்தில் நின்று எடுப்பது என் பழைய விளையாட்டு. பாதி நேரம் அந்த இடத்தில் இப்போது ஒரு மின்கம்பம் இருக்கும்.

வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருந்தால் இடிக்க முடியாது அல்லவா?

முடியும். தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிப்பதை அந்தப் பட்டியல் தடுக்காது. நகராட்சியின் சட்டம்தான் தடுக்க முடியும், அது ஊருக்கு ஊர் வேறு. அதனால், அடுத்த மாதம் வந்து நிதானமாக எடுக்கலாம் என்று விட்டுவிட்டு வராதீர்கள்.

இடத்தின் முகவரியைப் படத்தோடு போடலாமா?

மக்கள் பார்க்கத் திறந்திருக்கும் இடம் என்றால் தாராளமாக. பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள். தாமிரக்குழாய் திருடுகிறவர்களும் நம் படங்களைப் பார்க்கிறார்கள்.

கேரோவில் கடைசியாக எங்கே போவது?

ஊர் தாண்டித் தெற்கே நுனிக்கு, டிஃபையன்ஸ் கோட்டை இருந்த இடத்துக்கு. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் வட மாநிலப் படையின் ஜெனரல் கிராண்ட் முகாமிட்ட இடம், இப்போது பூங்கா. வெள்ளக்காலத்தில் தண்ணீருக்குள் இருக்கும், மற்ற நாட்களில் மணலும் சேறும் அடைந்திருக்கும். முனையில் நின்றால் இடப்பக்கம் ஒஹாயோ, வலப்பக்கம் மிசிசிப்பி, இரண்டும் வேறு வேறு நிறத்தில் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடும். பெட்ரோலும் சாப்பாடும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் போட்டுப் போங்கள்.